அந்தோணி அண்ணன் வராத திங்கட்கிழமை

ஓய்வுபெற்ற ஊழியர்களின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்திருந்தாள். பேச்சுவாக்கில், இப்போதெல்லாம் விசாரணை நோட்டீஸின் நகலைக் கைப்பேசியிலும் அனுப்பிவிடுகிறோம், இரண்டு நீல டிக் விழுந்தால் பார்த்துவிட்டார் என்று தெரிந்துவிடும், உங்களைப்போல வெயிலில் அலைய வேண்டியதில்லை என்றாள். பார்த்தது தெரிந்துவிடும், புரிந்துகொண்டது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

பினாங்கில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டங்களை அமல்படுத்தும் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் வேலையைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காகித வேலை. ஒரு பொருளைப் பற்றிப் புகார் வரும். எங்கிருந்து வாங்கினாய், யாருக்கு விற்றாய் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்னின்ன ஆவணங்களோடு அலுவலகத்துக்கு வரவும் என்று நோட்டீஸ் கொடுப்போம். பொருளில் குறை உண்டா இல்லையா என்பது பிறகு. நியாயமான காரணம் இல்லாமல் வராமல் இருந்தால் அதுவே தனிக் குற்றம். மாஜிஸ்திரேட் அபராதம் விதிக்கலாம், சிறைக்கு அனுப்பலாம், ஆவணங்களை ஒப்படைக்கும்படி உத்தரவும் போடலாம்.

பயிற்சி என்று கோலாலம்பூரில் சில வாரம் உட்கார வைத்தார்கள். அதில் இன்றைக்கு நினைவிருப்பது கேன்டீன் மீன்கறிதான். தொழிலைக் கற்றுத் தந்தவர் என் மேலதிகாரி ரஹீம், மலாய் வழக்கப்படி 'துவான்', ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். நோட்டீஸை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அவர் மேசை முன்னால் நின்று அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தேதி ஒரு இடத்தில், நேரம் வேறு இடத்தில் இருந்தால் கையை உயர்த்துவார். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். கடைக்காரன் படிக்கும்போது அவன் கை நடுங்கும், நடுங்குகிற கையில் இருக்கிற காகிதம் சுலபமாக இருக்க வேண்டும் என்பார்.

நோட்டீஸ் கொடுத்ததும் குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும். கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதக்கூடாது, நம் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வரிகளுக்கிடையே வெற்றிடம் விடக்கூடாது. தவறாக எழுதினால் அழிக்கக்கூடாது, ஒரு கோடு போட்டு அருகில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அவர் கண்டிப்பாக இருந்தது ஒரு விஷயத்தில். புத்தகம் மலாயில்தான் இருக்கும், ஆனால் எதிராளி சொன்னதை மட்டும் அவர் சொன்ன மொழியிலேயே, அவர் சொன்ன சொல்லிலேயே முதலில் எழுதி, அதற்குக் கீழேதான் மலாயில் எழுத வேண்டும். பினாங்கில் ஹொக்கியன், தமிழ், மலாய் எல்லாம் ஒரே தெருவில் நடமாடுவதால் இது அவருடைய சட்டம். நான் அதைப் பல ஆண்டுகள் தவறாமல் கடைப்பிடித்தேன்.

நோட்டீஸ் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள். சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒரு பாய், விலைப்பட்டியல் மாட்டாததற்காக நோட்டீஸ் வாங்கியவர், சொன்ன தேதிக்கு முதல் நாளே வந்துவிட்டார். கடை தொடங்கிய நாளிலிருந்து சேர்த்த காகிதங்களையெல்லாம் ஒரு தலையணை உறையில் திணித்து முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அவருடைய கல்யாணப் பத்திரிகைகூட அதில் இருந்தது. கூடவே எனக்கு ஒரு பொட்டலம் நாசி கண்டார் சோறும் கொண்டுவந்திருந்தார். வாங்க முடியாது என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. விலை கேட்டு வந்தவளுக்குச் சோறு வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் நான் போகவில்லை.

அப்படி நான் போகாத கடைகள் ஊர் முழுக்க இருந்தன. எந்தக் கடையிலும் ஒரு தேநீர் குடிக்க முடியாது. நாளைக்கே அங்கே நோட்டீஸோடு நிற்க வேண்டி வரலாம். மதியச் சோற்றை டப்பாவில் எடுத்துப் போய் அலுவலக வண்டியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். கல்யாண வீடுகளில் நான் போய் உட்கார்ந்தால் வியாபாரம் செய்கிறவர்கள் மெல்ல வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும்தான். மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஒன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடமாக இருந்தது. அங்கே நான் அதிகாரி இல்லை, ஸ்டெல்லா.

அந்தோணி அண்ணனையும் அவர் மனைவி ரீத்தா அக்காவையும் அந்தக் கோயிலில்தான் எனக்குப் பழக்கம். ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் அவருக்கு வீட்டுச் சாமான் கடை இருந்தது. வாளி, குழாய், அடுப்பு, திருகாணி எல்லாம் கிடைக்கும். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு ரீத்தா அக்கா என் வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சமைத்துப் போட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால் ஒரு புகார் வந்தது. சமையல் கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டர் கசிந்து தீப்பிடித்து, அடுக்குமாடியில் ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் முகத்தில் பாதியும் வெந்துவிட்டன. மருத்துவமனையில் அவளிடம் வாக்குமூலம் வாங்கப் போனேன். கையெழுத்துப் போட ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ரெகுலேட்டரில் இருந்த தரச் சான்று ஸ்டிக்கர் போலியானது. எங்கே வாங்கினீர்கள் என்றேன். அந்தோணி அண்ணனின் கடையைச் சொன்னாள்.

அவரைத் தெரியும் என்று துவான் ரஹீமிடம் சொன்னேன். ஜெலுத்தோங்கில் உனக்கு யாரைத்தான் தெரியாது, வேறு தமிழ் அதிகாரியும் இப்போது இல்லை, நீயே போ என்றார். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ரெகுலேட்டரை அவருக்கு விற்றவர் யார் என்ற பில். அது கிடைத்தால் மிச்சம் எந்தெந்த வீட்டுச் சமையலறையில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம். கிடைக்காத ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை நோட்டீஸோடு போனபோது அவர் கடையில் இல்லை. வேலைக்கு இருந்த ஆள் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். சட்டப்படி அது போதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ரீத்தா அக்கா. நான் பக்கத்தில் போனேன்.

"அண்ணே, கடையில நோட்டீஸ் சூராட் ஒண்ணு குடுத்திருந்தேன், பாத்தீங்களா? நாளைக்குப் பத்து மணிக்கு ஆபிசுக்கு வரணும்."

"சரிம்மா, வரேன்" என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். 'தாம் திங்கட்கிழமை வருவதாக அவர் என்னிடம் கூறினார்' என்று மலாயில் எழுதினேன். அவர் சொன்ன தமிழ்ச் சொல்லை எழுதவில்லை. மூன்றெழுத்துச் சொல், அதற்கு எதற்கு இரண்டு வரி என்று தோன்றியது. அடுப்பில் சோறு வேறு பொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. கடைக்குத் தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை. மறுநாளும் வரவில்லை. துவான் ரஹீம் இன்னொரு நோட்டீஸ் கொடுத்துப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட கைகள் என் கண்ணிலேயே இருந்தன. கோயிலில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாரே என்ற கோபமும் இருந்தது. தெரிந்தவர் என்பதால் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற வீம்பும் சேர்ந்துகொண்டது. கோப்பு அரசாங்க வழக்கறிஞரிடம் போனது. அவர் கையெழுத்திட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது.

அந்தோணி அண்ணனுக்காக ஒரு சீன இளைஞர் வாதாடினார், கெட்டிக்காரர். நோட்டீஸ் வேலையாள் கைக்குத்தான் போனது, என் கட்சிக்காரர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், மலாய்க் காகிதத்தை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை, வர வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது என்றார். மாஜிஸ்திரேட் தலையாட்டினார். வழக்கு அங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது அரசாங்க வழக்கறிஞர் என்னைக் கூண்டில் ஏற்றி, குறிப்புப் புத்தகத்தின் அந்த ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இளைஞருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னிடம் கேட்டதெல்லாம் நேரத்தையும் இடத்தையும் பற்றித்தான்.

பிறகு அந்தோணி அண்ணன் ஏறினார். திங்கட்கிழமை வருவதாக இந்த அதிகாரியிடம் சொன்னீரா என்று அரசாங்க வழக்கறிஞர் மலாயில் கேட்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் நம் ஆள்தான், வயதானவர். அவர் அதைத் தமிழாக்கினார்.

"இந்த அம்மாகிட்ட வரேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றார் அந்தோணி அண்ணன்.

மலாயில் இருந்த வாக்குறுதி தமிழுக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. திரும்ப மலாய்க்குப் போகும்போது மறுபடி ஏறிக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது. அரசாங்க வழக்கறிஞர் கேள்வியை முடித்துக்கொண்டு எனக்கு இரண்டு அடி முன்னால்தான் வந்து உட்கார்ந்தார். குனிந்து அவர் காதில், தமிழில் விடைபெறுகிற எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வழக்கு ஜெயிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அபராதம், கட்டாவிட்டால் சிறை, ஏழு நாளுக்குள் பில்களை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மகன் வந்து அபராதம் கட்டும் வரை அவரை நீதிமன்றத்தின் லாக்கப்புக்கு அழைத்துப் போனார்கள். பெல்ட்டையும் செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் ரீத்தா அக்கா அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஸ்டெல்லா" என்றார். நின்றேன்.

"நானும் வண்டியிலதானே உக்காந்திருந்தேன். போயிட்டு வரேங்கிற அர்த்தத்துலதானம்மா சொன்னாரு. நம்ம ஆளுங்க கிளம்புறப்ப வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பில்கள் வந்தன. அதை வைத்துக் கடலுக்கு அக்கரையில் நிலப்பகுதியில் ஒரு கிடங்கைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த ரெகுலேட்டர் பெட்டிகளைக் கைப்பற்றினார்கள். விற்றுப்போனவற்றையும் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தோம். அலுவலகத்தில் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. இரண்டாவது இரவு விடிந்ததும் துவான் ரஹீமின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தைக் கேட்டார். அந்த வரியின்மேல் விரலை வைத்து, அவர் சொன்ன சொல் எங்கே என்றார். இல்லை என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். வருகிறேன் என்றும் பொருள், போகிறேன் என்றும் பொருள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நோட்டீஸ் கேட்கும்போது மூடுவதைப்போல அல்ல, தலைவலிக்காரர் மூடுவதைப்போல.

எழுது என்றார். இன்றைக்கு எழுதினால் திருத்தம், அடுத்த வாரம் எழுதினால் சாக்கு என்றார்.

அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அது அரசாங்க வழக்கறிஞருக்குப் போனது, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில மாதங்களில் தீர்ப்பு ரத்தானது. ரெகுலேட்டர்கள் கைக்கு வந்துவிட்டதால் மறுபடி வழக்குப் போட யாருக்கும் ஆர்வம் இல்லை. என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் கொண்டுபோன ஒவ்வொரு கோப்பையும் அரசாங்க வழக்கறிஞர் அலுவலகத்தில் புரட்டிவிட்டு, இதில் எல்லாம் சொல்லிவிட்டீர்களா புவான், வேறு அர்த்தம் ஒன்றும் இல்லையே என்று கேட்பார்கள். புவான், அம்மா, என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என் பெயரைச் சாட்சிப் பட்டியலில் போடத் தயங்கினார்கள்.

கோயிலில் நிலைமை வேறு. அந்தோணி அண்ணனை லாக்கப்பில் வைத்தது எல்லாருக்கும் தெரிந்தது. தீர்ப்பு ரத்தானது யாருக்கும் தெரியவில்லை. அது பழுப்பு உறையில் வந்தது, பழுப்பு உறையை யாரும் பூசைக்குக் கொண்டுவருவதில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை, சொன்னால் நல்ல பெயர் தேடுகிறாள் என்பார்கள். நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் முன்னால் இருப்பவர்கள் திரும்பாமல் நிற்பார்கள். நான் என் இரண்டு கைகளையும் கோத்துக்கொள்வேன். அந்த ஆண்டுகளில் நான் மிகவும் தனியாக இருந்தேன். காய்ச்சல் வந்தால் சொல்ல ஆள் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரியார் "ஸ்டெல்லா, சௌக்கியமா" என்று கேட்பதுதான் அந்த வாரத்தில் நான் கேட்கும் ஒரே தமிழ். அந்தோணி அண்ணனும் ரீத்தா அக்காவும் ஒரே வருடத்தில் கடையை மூடிவிட்டு தாசேக் கெலுகோரில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, ஒரு நாள் காலை ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, தாசேக் கெலுகோருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். ரீத்தா அக்கா கேட்டைத் திறந்தார். வா என்று சொல்லவில்லை. உள்ளே பார்த்து, உங்களப் பாக்க ஆள் வந்திருக்கு என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போய்விட்டார்.

அந்தோணி அண்ணன் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். ஒரு பக்கக் கை மடியில் அசையாமல் கிடந்தது. நான் மனப்பாடம் செய்து கொண்டுபோனதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நல்ல கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா. அந்த சூராட்ட வெள்ளிக்கிழமையே பக்கத்துக் கடைக்காரன் படிச்சுச் சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமை உன்கிட்ட வரேன்னு சொன்னப்பவே, திங்கக்கிழமை வரப்போறதில்லன்னு எனக்குத் தெரியும்."

அந்த ரெகுலேட்டர்களை வேனில் கொண்டுவந்து கடையில் இறக்கியது ரீத்தா அக்காவின் தம்பியாம். பில்லில் அவன் பெயர் இல்லை, ஆனால் பில் கைமாறினால் அவனைத் தேடி வருவார்கள் என்று பயம். மிச்சத்தை அவன் அப்புறப்படுத்தும்வரை நாளைக் கடத்தப் பார்த்திருக்கிறார். வக்கீல் சொன்னதும் பொய், தெரியாது என்று சொல்லச் சொன்னதும் இவர்தான்.

"கூண்டுல நின்னு சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன்ல, அது ஒண்ணுதான் நான் சொன்ன உண்மை. தண்டனை கெடச்சதும் மனசு லேசா இருந்துச்சு. அப்புறம் நீ போய் மாத்தி எழுதிக் குடுத்து என்னைய விடுவிச்சிட்ட. அதுக்கப்புறம் உன் மூஞ்சிய எப்படிம்மா பாக்குறது? அதான் ஊரவிட்டு வந்தேன்."

"கோயில்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

அவர் கொல்லைப்பக்கம் பார்த்தார். "ரீத்தாவுக்குத் தெரியாதும்மா. தம்பி மேல உசிரு."

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று மனம் எண்ணத் தொடங்கியது. வெந்துபோன அந்தப் பெண்ணையும் நினைத்தேன். பிறகு அவருடைய அசையாத கையைப் பார்த்தேன். நானும் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எழுந்துகொண்டேன்.

இருவரும் இப்போது இல்லை. அவர் முதலில் போனார், அக்கா போன வருடம் போனார். அக்காவின் தம்பியும் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அன்று நான் வெளியே வந்தபோது கேட்டருகே ரீத்தா அக்கா காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு வந்த?"

சொல்லிவிட ஒரே ஒரு வாக்கியம் போதும். திரும்பிப் பார்த்தேன். அந்தோணி அண்ணன் நாற்காலியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா. அன்னைக்கு நான் பண்ணது தப்பு."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "லாக்கப்புல இருந்து வந்து ரெண்டு நாள் அந்த மனுசன் ஒரு வாய் சாப்பிடல, தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். உள்ளே இருந்தவர் அப்போதும் எதுவும் பேசவில்லை.

"சரி, போ" என்று சொல்லி ரீத்தா அக்கா கேட்டைச் சாத்தினார்.